அலமாரியில் அப்பாவின் துப்பாக்கி, மச்சான் கையில் .308

பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்தில் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 34. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பிறந்து வளர்ந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம். தங்கையைக் கட்டிய மச்சான் மெல்பர்னில் இருக்கிறார். வரும் ஜூனில் விக்டோரியா மலைக்காட்டுக்கு வேட்டைக்கு வரச் சொல்கிறார். முயல், நரி, ஃபேலோ மான், சாம்பார் மான் என்று பட்டியல் நீளம். "என்னோட .308 போதும்" என்பது மச்சான் பேச்சு. "எல்லாத்துக்கும் .300 வின்செஸ்டர் மேக்னம் எடு, பெரிசா இருந்தா தப்பாது" என்பது வேலையிடத்து நண்பரின் யோசனை. இவர் வீடியோ பார்த்து 6.5 கிரீட்மோர் மேல் ஆசைப்பட்டுவிட்டார். (மூன்றும் ரைஃபிள் தோட்டா வகைகளின் பெயர்கள்.) போவதற்கு முன் கூலிமில் மாமாவின் செம்பனைத் தோட்டத்தில், மாமாவின் லைசன்ஸ் துப்பாக்கியால் காட்டுப் பன்றி சுட்டுப் பழகலாமா என்று கேட்கிறார். திரும்பி வரும்போது மகனுக்கு நினைவாக ஒரு தோட்டா கொண்டு வரலாமா என்பதும் ஒரு கேள்வி.

நான்காம் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய சில வரிகள். அப்பா போன வருடம் காலமானார். அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியும் 11 தோட்டாக்களும் அவர் கட்டிய கைலியில் சுற்றியபடி இன்னும் அலமாரியில் இருக்கின்றன. சாவி அம்மாவின் முந்தானையில். "ஒரு தோட்டா இருந்தாலே தூக்கு, வாயைத் திறக்காதே" என்று அம்மா அழுகிறார்.

தம்பி, நீங்கள் கடைசியாக எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஜூனுக்கு நாள் இருக்கிறது. அலமாரிக்கு இல்லை.

முதலில் அலமாரி

அம்மாவின் பயம் வெறும் பயம் இல்லை. இசா என்று நாம் சொன்ன உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தவருக்குக் கட்டாய மரண தண்டனை என்றது. குற்றம் நடந்தபோது 14 வயதே ஆகியிருந்த ஒரு பையனுக்கு 1977இல் இதே பினாங்கில் அந்தத் தீர்ப்பு வந்தது; தண்டனை பிறகு குறைக்கப்பட்டது. அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தியைத் தோட்டத்து லயத்தில் வாய்விட்டு வாசிக்கக் கேட்டவர்களுக்கு அது லேசில் மறக்காது. ஆனால் இசா 2012இல் ரத்தாகிவிட்டது. வீட்டில் துப்பாக்கி இருப்பதற்காக மட்டும் இன்று யாரையும் தூக்கில் போட முடியாது. இதை அம்மாவிடம் நிதானமாக, இரண்டு முறையாவது சொல்லுங்கள்.

அதற்காகச் சும்மா இருந்துவிடலாம் என்று பொருள் இல்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை சிறை, அதோடு ஆறுக்குக் குறையாத பிரம்படி. எந்தச் சட்டத்தில் வழக்கு என்பதை முடிவு செய்வது அரசாங்கத் தரப்பு, நாம் இல்லை.

நீங்கள் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று. "அப்பா முறையாக லைசன்ஸ் எடுத்தவர், நான் மூத்த மகன், அதனால் துப்பாக்கி எனக்கு வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். நிலம் வரும், வீடு வரும், சேமநிதிப் பணம் வரும். லைசன்ஸ் வராது. அது அப்பா பெயருக்குக் கொடுத்தது, அப்பாவோடு முடிந்தது. துப்பாக்கி வேண்டும் என்றால் உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பம் போட வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் போலீஸ் கையில். முடிவு தெரியும் வரை துப்பாக்கி உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. அப்புறம் அந்தச் சாவி. பூட்டிய அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரிந்து, சாவியையும் வைத்திருப்பவர் அம்மா. "யார் வசம் இருந்தது" என்று கோர்ட்டில் கேட்கும்போது முதலில் பார்ப்பது சாவியைத்தான். அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து நீங்கள் பேசாமல் இருந்த ஒவ்வொரு நாளும் அம்மாதான் ஆபத்தில் இருந்திருக்கிறார்.

செய்ய வேண்டியது இது. துப்பாக்கியைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், காரில் ஏற்றாதீர்கள். எடுத்துப் போகும் வழியில் ரோட் பிளாக் இருந்தால், ஒப்படைக்கத்தான் போகிறேன் என்று சொல்வதை அங்கே நிற்பவர் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், பழைய லைசன்ஸ், உங்கள் ஐசி மூன்றையும் எடுத்துக்கொண்டு, வெறுங்கையோடு போலீஸ் பலாய்க்குப் போங்கள். விஷயத்தைச் சொல்லி, அவர்களே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். 11 தோட்டாவும் எண்ணிக்கையோடு புகாரில் ஏறட்டும். தாமதத்துக்குக் கேள்வி வரும். உண்மையைச் சொல்லுங்கள்: அப்பா இறந்தார், அம்மா பயந்தார். தாமாக முன்வந்து ஒப்படைத்தவரையும் சோதனையில் பிடிபட்டவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. வழக்கே வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் புதைப்பது, பிறை ஆற்றில் போடுவது, தெரிந்தவரிடம் கொடுத்துவைப்பது எல்லாம் இதைவிடப் பல மடங்கு மோசம். அப்படிச் செய்துவிட்டு என்னிடம் வந்தவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இருந்ததில்லை.

இனி தோட்டா

உங்கள் கடிதத்தில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறீர்கள். தோட்டா என்பது முழுச் சாமான்: பித்தளைக் கூடு, அடியில் பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும். எண்ணைப் பார்த்துச் சண்டை போடுகிறவர்கள் கூட்டையும் மருந்தையும் மறந்துவிடுகிறார்கள். ".300 என்பது .308ஐ விடச் சின்னதுதானே, அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு" என்று கேட்டிருக்கிறீர்கள். .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, .300 வின்செஸ்டர் மேக்னம் மூன்றிலும் போவது ஒரே விட்டமுள்ள குண்டு, 0.308 அங்குலம். வித்தியாசம் கூட்டின் நீளத்திலும் மருந்தின் அளவிலும். .30-06இல் உள்ள 06, 1906 என்ற வருடம். .270இன் குண்டோ உண்மையில் 0.277 அங்குலம். இவை பெயர்கள், அளவுகோல் இல்லை. குண்டு ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்கான தோட்டாவை மற்றதில் போட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பதும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு கிரெயின் 0.065 கிராம், நம் பொற்கொல்லர் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. இதை வைத்துக்கொண்டு மச்சானின் பட்டியலைப் பார்ப்போம்.

முயலுக்கு .22 லாங் ரைஃபிள். 40 கிரெயின் குண்டு, குழல் வாயில் 200 ஜூலுக்கும் குறைவான சக்தி. .308ஆல் முயலைச் சுட்டால் சட்டிக்கு ஒன்றும் மிஞ்சாது. நரிக்கு .223 ரெமிங்டன், 55 கிரெயின், ஏறக்குறைய 1,700 ஜூல். வேகமானது, 200 மீட்டர் வரை நேர்கோடு போலப் போகும். ஃபேலோ மானுக்கு .243 வின்செஸ்டர், 100 கிரெயின், 2,600 ஜூல். தோளை வலிக்கவைக்காத, புதியவர்களுக்கு நல்ல தோட்டா. சாம்பாருக்கு இவை எதுவும் போதாது.

சாம்பார் யார் தெரியுமா? நம் கடமான். தென்தமிழ்நாட்டில் மிளா. இங்கே ரூசா. 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் விக்டோரியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பெருகி மலைக்காடு முழுக்கப் பரவிவிட்டது. அங்கே அது வந்தேறி, காட்டுக்கே தொந்தரவு. இங்கே தீபகற்பத்தில் ரூசாவும் கீஜாங்கும் (கேளையாடு) குறைந்துபோய், 2009 முதல் வேட்டைத் தடையில் இருக்கின்றன. உலக அளவிலும் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனம் என்றுதான் பட்டியலில் இருக்கிறது. மெல்பர்னில் சுட்டதை இங்கே வந்து யாரிடமாவது பெருமையாகச் சொன்னால், "நம்ம காட்டிலேயும் இருக்கே, வா" என்று ஒருவர் கூப்பிடுவார். போகாதீர்கள்.

வளர்ந்த சாம்பார் கடா 200 கிலோவைத் தாண்டும். தோல் தடிமன், எலும்பு கனம், சுட்ட பிறகும் பள்ளத்தில் இறங்கி ஓடும் பிடிவாதம். அதனால் விக்டோரியாவில் நெடுங்காலம் இருந்த விதி: சாம்பாருக்குக் குறைந்தது .270, குண்டு குறைந்தது 130 கிரெயின், ஃபேலோவுக்குக் குறைந்தது .243, 80 கிரெயின். நீங்கள் ஆசைப்பட்ட 6.5 கிரீட்மோர் நல்ல தோட்டாதான், தூரத்துக்கு அருமையானது. ஆனால் 6.5 மில்லிமீட்டர் அந்த அளவுகோலுக்குக் கொஞ்சம் மெல்லியது. விதிகளைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். டிக்கெட் எடுக்கும் முன் அங்குள்ள கேம் மேனேஜ்மென்ட் அத்தாரிட்டி அன்றைக்கு என்ன சொல்கிறது என்று மச்சானைப் பார்க்கச் சொல்லுங்கள்.

.308 அந்த விதிக்குள் தாராளமாக அடங்கும். 150 கிரெயின் குண்டுக்கு ஏறக்குறைய 3,600 ஜூல். சாம்பாருக்கு 165 அல்லது 180 கிரெயின் நல்லது. .300 மேக்னம் 4,700 ஜூல் தொடும். சக்தி கூடுகிறது, உதையும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. இதுவரை ரைஃபிளே பிடித்திராத உங்கள் தோளுக்கு அது என்ன செய்யும்? இரண்டாவது தடவை டிரிகரைத் தொடும்போதே கண் மூடிக்கொள்ளும், தோள் பின்வாங்கும், குண்டு ஒரு சாண் தள்ளிப் போகும். மானின் முன்காலுக்குப் பின்னால் நெஞ்சும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒரு சாண் தள்ளினால் குடல்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானும் தோட்டத்துப் பிள்ளை. எனக்குப் பதினொரு வயது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் பறவை சுடும் பொடி ரவையை (சின்னச் சின்ன ஈய மணிகள்) போட்டு ஒரு பெண் பன்றியைச் சுட்டார். அது ஓடிவிட்டது, அவரும் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து நாற்றுமேட்டுக் கால்வாயில் கிடந்தது. விலாவில் கறுப்புப் புள்ளிகளாய் ரவை ஏறிய துளைகள், அதைச் சுற்றி ஈ மொய்த்து, புழு நெளிந்துகொண்டிருந்தது. செத்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். வயிறு ஏறி இறங்கியது. மூக்கு நுனியில் சேறு குமிழியிட்டது. என் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அந்தத் துப்பாக்கியில் சக்தி இல்லாமல் இல்லை. பொருந்தாத தோட்டா, போகக் கூடாத தூரம், பின்தொடர்ந்து போய் முடிக்காத ஆள்.

எதிர்ப்பக்கத்து வாதமும் உங்கள் காதில் விழும். ஆப்பிரிக்காவில் பெல் என்ற வேட்டைக்காரர் 7 மில்லிமீட்டர் மௌசரால் நூற்றுக்கணக்கான யானைகளைச் சாய்த்தார், அதனால் சின்னதே போதும் என்பார்கள். யானையின் மண்டை ஓட்டுக்குள் மூளை எங்கே இருக்கிறது என்று அறுத்துப் பார்த்துப் படித்தவர் அவர். இன்று ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் எருமைக்கும் யானைக்கும் .375க்குக் கீழே சட்டமே விடாது.

ஆக, மச்சான் சொல்வது மான் இரண்டுக்கும் சரி. ஃபேலோவுக்கு .308 சற்று அதிகம்தான், தவறில்லை. ஒரே துப்பாக்கியில் பழகுவது உங்களுக்கு நல்லது. முயலுக்கு மட்டும் அவரிடம் .22 இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நரியை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

பெட்டியில் பார்க்க வேண்டியது

தோட்டாப் பெட்டியில் .308 என்று இருந்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் குண்டு எந்த வகை என்று பாருங்கள். முழுக்கத் தாமிர உறை போட்ட குண்டு குறிபார்த்துப் பழகுவதற்கு. மானுக்குள் போனால் ஊசி போலத் துளைத்து மறுபக்கம் போய்விடும், மான் நெடுநேரம் உயிரோடு ஓடும். வேட்டைக்கு நுனியில் ஈயம் தெரியும் சாஃப்ட் பாயின்ட், அல்லது உள்ளே பட்டதும் காளான் போல விரியும் வேறு வகை. சாம்பார் மாதிரி கனமான மிருகத்துக்கு ஈயமும் உறையும் பிரியாமல் ஒட்டியது, அல்லது முழுத் தாமிரத்தால் ஆனது. எலும்பில் பட்டுச் சிதறாமல் உள்ளே போவது அவைதான். எந்தப் பெட்டித் தோட்டாவை வேட்டையில் போடப் போகிறீர்களோ அதே தோட்டாவால் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) சரி செய்யுங்கள். 100 மீட்டருக்குச் சரி செய்த .308, 200 மீட்டரில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கீழே இறங்கும். முதல் வேட்டையில் 150 மீட்டருக்கு மேல் சுடாதீர்கள். மான் நின்றால்தான் சுட வேண்டும், பின்னால் மண்மேடு இருந்தால்தான் சுட வேண்டும்.

அனுமதி அங்கே இரண்டு தனித்தனி. வேட்டைக்கு கேம் லைசன்ஸ். துப்பாக்கியைத் தொடுவதற்கு விக்டோரியா போலீஸ் அனுமதி. "என் துப்பாக்கிதானே, குடும்பத்துக்குள் என்ன" என்று மச்சான் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 1996 போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு ஆஸ்திரேலியா இந்த விஷயத்தில் கறாரான நாடு. உங்களைத் திருப்பி அனுப்பினால் போயிற்று. தங்கை குடும்பம் அங்கே வாழ வேண்டும்.

கூலிம் மாமா

வேண்டாம். மாமாவின் லைசன்ஸ் மாமாவுக்கு. அவர் பக்கத்திலேயே நின்றாலும் நீங்கள் சுட்டால் இருவருக்கும் சிக்கல், அவருடைய லைசன்ஸும் போகலாம். காட்டுப் பன்றி எங்கும் திரிகிறது, யாரும் சுடலாம் என்பதும் தவறு. 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கும் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) லைசன்ஸ் வேண்டும். தன் பயிரை அழிக்கும் மிருகத்தை, விரட்டிப் பார்த்தும் போகாவிட்டால் நில உரிமையாளர் சுடுவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. மருமகனின் பயிற்சிக்கு அது பொருந்தாது. தவிர, மாமாவிடம் இருப்பது ரவைத் தோட்டா போடும் ஷாட்கன். அதில் பழகியது ஸ்கோப் வைத்த ரைஃபிளுக்கு அதிகம் உதவாது.

ஆன்லைனில் ஏர் ரைஃபிள் வாங்கி வீட்டுக்குப் பின்னால் பழகலாம் என்று யாராவது சொன்னால் அதற்கும் இதே பதில். நம் சட்டத்தில் ஏர் கன்னும் ஆயுதம்தான். முறைப்படி இயங்கும் ஒரு சுடும் சங்கத்தில் சேர்ந்து அவர்களுடைய களத்தில் பழகுங்கள். இல்லாவிட்டால் மெல்பர்னில் இரண்டு நாள் முன்னதாகவே இறங்கி, அனுமதி கிடைத்த பின், அங்குள்ள களத்தில் முப்பது நாற்பது தோட்டா சுடுங்கள். படுத்தும், உட்கார்ந்தும், மரத்தில் சாய்ந்தும். தட்டு அளவு வட்டத்துக்குள் 100 மீட்டரில் ஐந்துக்கு ஐந்து விழவில்லை என்றால், காட்டில் நீங்கள் பார்வையாளராக இருங்கள்.

மகனுக்கு நினைவுப் பொருள்

தோட்டா கொண்டு வராதீர்கள். ஒன்றே ஒன்று, சாவிக்கொத்தில் மாட்டியது, அழகுக்கு என்றாலும் விமான நிலைய ஸ்கேனருக்கு அது தோட்டா. ஆயுதச் சட்டத்துக்கும் அதுவேதான். சுட்டு முடிந்த காலிக் கூடும் வேண்டாம். அது வெறும் பித்தளை என்று நான் கோர்ட்டில் வாதாடலாம், ஆனால் அதுவரை நீங்கள் லாக்கப்பில் இருப்பீர்கள். கிளம்பும் முன் வேட்டைக்குப் போட்ட ஜாக்கெட்டின் எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துப் பாருங்கள். அவசரத்தில் செருகிய தோட்டா உள் பையில் தங்கிவிடுவது உண்டு. மச்சானிடம் ஜாக்கெட்டை இரவல் வாங்கினால் அதை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். மகனுக்கு அந்த மலையில் எடுத்த ஒரு போட்டோ போதும்.

இன்று மாலை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அலமாரி பற்றி எழுதியதை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அந்தக் கைலியை அவர் கேட்பார் என்று நினைக்கிறேன். போலீஸ்காரரிடம் சொன்னால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கொடுக்கிற ரசீதில் துப்பாக்கியின் எண்ணும் 11 என்ற எண்ணிக்கையும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்து, பலாய் வாசலைத் தாண்டும் முன் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள்.